மூக்குத்தி எடை மருந்து

இங்கே தமிழ்ச் சங்கப் பொங்கலிலோ மலையாளிகளின் ஓண சத்யாவிலோ (எல்லைக்காரனுக்கு இரண்டும் சொந்தம், இலை போட்டால் உட்கார்ந்துவிடுவேன்) யாராவது ஒருத்தர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்பார். "சார், நீங்க வீட்டிலயே தோட்டா செய்யறீங்களாமே?" கேட்கிற தொனியைப் பார்த்தால் நான் என்னமோ கராஜுக்குள் சாராயம் காய்ச்சுகிற மாதிரி இருக்கும். பேங்க் ஆபிசர், பி.காம்., நாற்பத்தஞ்சு வயசு, முன்வழுக்கை. இந்த ஆளுக்கு எதற்கு இந்த வேலை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருக்கும்.

செய்கிறேன். ஆனால் சாம்பார் வாளி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் தோட்டா செய்வதில்லை, நிறைக்கிறேன். சுட்டபின் தரையில் விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் புது பிரைமர் வைத்து, உள்ளே மருந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி மூடுவது. கூடு, பிரைமர், மருந்து, குண்டு. நாலே சாமான். இதில் மூன்று, யாரோ ஒரு தொழிற்சாலையில் அளவு பார்த்து அனுப்பியது. மருந்து ஒன்றைத்தான் நம் கையால் அளக்கிறோம். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதைச் செய்தால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். யாரும் ஆசைப்பட வேண்டாம். இங்கே டெக்சாஸில் சொந்த உபயோகத்துக்கு நிறைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் தகுதி முதலில் வேண்டும். எனக்கு அது கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான். வீட்டம்மா நர்ஸ். அவள் முன்னால் வந்தாள், நான் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தேன்.

காசு மிச்சமாகும் என்றுதான் ஆரம்பித்தேன். காமர்ஸ் படித்தவன் இல்லையா, அழுத்தும் மெஷின் இவ்வளவு, தராசு இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு, ஒரு தோட்டாவுக்கு அடக்கவிலை இவ்வளவு என்று எக்செல் ஷீட்டெல்லாம் போட்டேன். நிறைக்க ஆரம்பித்தால் மிச்சமாவது கிடையாது, இரண்டு மடங்கு சுடுவோம் என்று எதிர்வீட்டுப் பெரியவர் அன்றே சொல்லிச் சிரித்தார். அப்படியேதான் ஆயிற்று :-)

அவர்தான் எனக்கு இதில் ஆசான். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவரைப் பற்றிப் பின்னால்.

எங்கள் ஊர் உதியன்குளங்கரை. திருவனந்தபுரம்-நாகர்கோவில் பெரிய ரோட்டில் அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கம் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும் கலந்து. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு வங்கிக் கிளையில் ஆறு வருஷம் நகைக்கடன் சீட்டில் இருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு, பக்கத்தில் அப்ரைசர், எதிரே வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கையைத் தடவிக்கொண்டு நிற்கும் அம்மாக்கள். எடையைப் பற்றிய பயம் எனக்கு அங்கே வந்தது. மில்லிகிராம் மாறினால் யாருக்கோ பணம் போகும்.

துப்பாக்கிக்காரர்களின் எடைக்கணக்கு கிரெயினில் ஓடுகிறது. ஒரு கிரெயின் என்றால் 64.8 மில்லிகிராம். நம்மூர்த் தட்டான்கள் நெல்லெடை, குன்றிமணி, மஞ்சாடி என்று நிறுத்தார்களே, அதே குடும்பம். குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். 9 எம்எம் தோட்டாவின் குண்டு சாதாரணமாக 124 கிரெயின், அதாவது எட்டு கிராம், சுத்தமாக ஒரு பவுன்! முதல் தடவை தராசில் வைத்து கிராமுக்கு மாற்றிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் ஒரு பவுன் பறந்துபோகிறது. (ஈயமும் செம்பும்தான், பயப்பட வேண்டாம்.)

அந்த ஒரு பவுனைத் தள்ளிவிடுகிற மருந்து எவ்வளவு தெரியுமா? கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் நாலு, அஞ்சு கிரெயின்தான். கால் கிராமும் கொஞ்சமும். ஒரு சின்ன மூக்குத்தியின் எடை. அது எரியும்போது 9 எம்எம்மில் எழுகிற அழுத்தத்துக்கு மேல்வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் 35 இருக்கும். ஆயிரம் மடங்கு. அது நடப்பது உங்கள் கைக்குள்ளே, முகத்துக்கு ஒன்றரை முழத் தூரத்தில்.

இந்த வரம்புகளை வைக்கிற அமெரிக்க அமைப்பு ஒன்று இருக்கிறது, 1926-ல் தொடங்கியது. அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'சாமி' என்றே வருகிறது. நான் கட்டிச் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான். "சாமி சொன்ன அளவைத் தாண்டாதே" என்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொல்லிக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் வெடி வழிபாடு உண்டு. ரசீது எழுதினால் பேரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் விளிப்பார்கள், அந்தப் பக்கம் கதினா 'டும்' என்று போடும். தமிழ்நாட்டில் அதிர்வேட்டு என்பார்களே, அதேதான். முழங்கை நீளம்கூட இல்லாத கனத்த இரும்புக் குழாய். அதில் கறுப்பு மருந்து நிறைத்து, அடைத்து, வரிசையாக நிறுத்தித் திரி வைப்பார்கள். எங்கள் கோவிலில் நிறைக்கிற வேலை ஒரு ஆசானுக்கு. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. சின்னப் பையன்களாக நாங்கள் அதைப் பார்க்கத்தான் போவோம். என்ன ஆச்சு பாட்டா என்று கேட்டால், "அளவு மாறிப்போச்சு மக்களே" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

அவரிடம் ஒரு மூங்கில் குழல் இருந்தது. அதில் மொண்டுதான் போடுவார், கையால் அள்ளிப் போட்டு நான் பார்த்ததில்லை. உத்சவத்தின்போது கமிட்டிப் பையன்கள் வந்து சவுண்டு பத்தாது பாட்டா என்று நிற்பார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "சவுண்டு வேணுமெங்கில் ரெண்டு போடு. ரெண்டுக்குள்ளதை ஒண்ணுல போடச் சொல்லாதே" என்பார். மருந்து நிறைத்துக்கொண்டிருக்கும்போது யாரோடும் பேச்சு கிடையாது, பீடி கிடையாது, பக்கத்தில் ஆள் கிடையாது. எங்களை விரட்டுகிற குரலில் மட்டும்தான் அவருக்குக் கோபம் தெரியும்.

நிற்க. கதினாவில் போடுவதும் நான் இங்கே போடுவதும் 'மருந்து' என்ற பேரில்தான் ஒன்று. ஜாதி வேறு. கறுப்பு மருந்து ஆயிரம் வருஷப் பழசு. புகையில்லா மருந்து 1884-ல் பிரான்சில் பால் வியெய் என்பவர் உண்டாக்கியது. நம்ம நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்வதும் இந்த வகைதான். திறந்த தட்டில் கொஞ்சம் கொளுத்தினால் புஸ்ஸென்று மஞ்சளாக எரிந்து அடங்கிவிடும், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அடைத்து வைத்துக் கொளுத்தினால்தான் அதன் குணம் தெரியும். அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். எங்கள் பாஷையில் சொன்னால் கூட்டு வட்டி. பத்து சதவிகிதம் மருந்து கூட்டினால் அழுத்தமும் பத்து சதவிகிதம்தான் ஏறும் என்று நினைக்கிறவன் தனிவட்டிக் கணக்குப் போடுகிறான். கூட்டு வட்டி மஞ்சள் நோட்டீஸ் வரை கொண்டுபோய் விடும். இது விரலைக் கொண்டுபோகும்.

சரி, எவ்வளவு மருந்து என்பதை எப்படித் தீர்மானிப்பது?

தீர்மானிக்கக் கூடாது. இதுதான் பதில், கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மருந்துக் கம்பெனிகளும் குண்டுக் கம்பெனிகளும் அழுத்தம் அளக்கும் கருவி பொருத்திய குழலில் சுட்டுப் பார்த்து அட்டவணை போடுகிறார்கள். லைமன், ஹார்னடி, ஸ்பியர், ஹாட்ஜ்டன் எல்லாரிடமும் கையேடு உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஆரம்ப அளவு ஒன்று, உச்ச அளவு ஒன்று. உச்சம் மட்டும் போட்டிருந்தால் அதில் பத்து சதவிகிதம் கழித்துக்கொண்டு ஆரம்பிப்பது வழக்கம். ஆரம்ப அளவில் கொஞ்சம் நிறைத்துச் சுட்டு, துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்து, குறியும் விழுந்தால் அங்கேயே நின்றுவிடலாம். உச்சம் என்பது போய்ச் சேர வேண்டிய ஊர் இல்லை. கடன் வரம்பு மாதிரிதான் அதுவும். லிமிட் அஞ்சு லட்சம் என்றால் அஞ்சையும் எடுத்தே தீர வேண்டுமா என்ன?

எத்தனை கிரெயின் என்று ஒரு எண்கூட நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்டு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் எண் என் குண்டுக்கு, என் கூட்டுக்கு, என் பிரைமருக்கு, என் துப்பாக்கிக்கு. இதில் ஒன்றை மாற்றினாலும் நானே திரும்ப ஆரம்ப அளவுக்கு இறங்கிவிடுகிறேன். சாதாப் பிரைமருக்குப் பதில் மேக்னம் பிரைமர் வைத்தாலே அழுத்தம் மாறும்.

மருந்தின் பேரிலும் வழுக்கும். வின்செஸ்டர் 231-ம் ஹெச்பி-38-ம் டப்பா வேறு, மருந்து ஒன்று. இதைத் தெரிந்துகொண்டவன் அடுத்து, பேர் ஒரே மாதிரி இருந்தால் மருந்தும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தலைகீழாகப் படித்துவிடுவான். அப்படிக் கிடையாது. டப்பாவில் இருக்கும் பேர், எண், எழுத்து எல்லாம் கையேட்டோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். செக்கில் பேர் கொஞ்சம் மாறியிருந்தால் பாஸ் பண்ணுவோமா?

குறைத்துப் போட்டால் பத்திரம்தானே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். பெரியவர் ஹெச்110 என்ற டப்பாவை எடுத்துக் காட்டினார். பெரிய ரிவால்வர் தோட்டாக்களுக்கானது. இதை மூன்று சதவிகிதத்துக்கு மேல் குறைக்காதே என்பது கம்பெனியே சொல்லியிருக்கும் எச்சரிக்கை. ஏனென்றால் போதாத மருந்து சரியாகப் பற்றாது, குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். 'டொப்' என்று ஒரு செத்த சத்தம் வரும். சுடுகிறவன் அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆக மேலேயும் வரம்பு, கீழேயும் வரம்பு. சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் துப்பாக்கியைக் கீழே வைத்து, காலி செய்து, குழலுக்குள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இன்னொன்று. மருந்தைச் சரியாக அளந்துவிட்டுக் குண்டைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே அழுத்தினால்? மருந்து அதே அளவு, ஆனால் அது இருக்கும் அறை சின்னதாகிவிட்டது. ஸ்பியர் கையேட்டில் ஒரு சோதனை உண்டு. 9 எம்எம்மில் குண்டை 0.030 அங்குலம் மட்டும், அதாவது முக்கால் மில்லிமீட்டர், கூடுதலாக இறக்கினார்கள். 28,000-ஆக இருந்த அழுத்தம் 62,000-க்குப் போனது. முக்கால் மில்லிமீட்டர் என்பது ஏடிஎம் கார்டின் கனம். அதனால் தராசுக்குப் பக்கத்தில் எனக்கு வெர்னியரும் உண்டு, நீளம் அளக்காமல் பெட்டியில் போடுவதில்லை.

சுட்ட கூட்டைப் பார்த்தே அளவு அதிகமா என்று கண்டுபிடிக்கலாம் என்கிற கட்சியும் ஒன்று உண்டு. பிரைமர் தட்டையாகிவிட்டதா, கூடு உப்பியிருக்கிறதா என்று. ரைபிளில் அதற்கு ஏதோ கொஞ்சம் அர்த்தம் இருக்கலாம். .38 ஸ்பெஷல் மாதிரித் தோட்டாவின் வரம்பே 17,000 பவுண்டுதான். பிரைமர் தட்டையாகி உங்களுக்குச் சேதி சொல்வதற்குள் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். அடையாளம் ஒன்றும் தெரியவில்லை என்பதை எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆடிட்டில் குறை வராத கிளையெல்லாம் சுத்தமான கிளையா என்ன... சரி, அது வேறு கதை.

அந்த .38 ஸ்பெஷல்தான் என்னை ரொம்பப் பயமுறுத்துவது. 1898-ல் அது வந்தபோது கறுப்பு மருந்துக்காக அமைத்த கூடு. இருபது கிரெயினுக்கு மேல் கறுப்பு மருந்து நிறைந்து நிற்கும். தவறிப்போய் இரண்டு தடவை போட்டால் வழிந்துவிடும், கண்ணே சொல்லிவிடும். இப்போது அதே கூட்டில் வேகமான புகையில்லா மருந்து மூக்குத்தி எடைக்குப் போடுகிறோம், அடியில் ஒரு ஓரமாகக் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் இடம் இருக்கும். மூன்று விழுந்தாலும் இருக்கும். மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் ஒன்று விழுந்ததா இரண்டு விழுந்ததா என்று வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆசானின் கதினாவும் மூங்கில் குழலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரி. இங்கே பாத்திரம் உங்களுக்கு ஒத்தாசைக்கு வராது.

அதனால் நடைமுறை. வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருத்தர் நல்லவராக இருந்தாலும் இரண்டு சாவிதான். இங்கே ஆள் நான் ஒருத்தன், எனவே நானே இரண்டு ஆளாக வேண்டும். மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா, மற்றதெல்லாம் அலமாரிக்குள். ஐம்பது குழி உள்ள மரக்கட்டையில் கூடுகளைத் தலைகீழாக நிறுத்துவேன். மருந்து போட்டதை மட்டும் நிமிர்த்தி வைப்பேன். பத்துக்கு ஒன்றைத் தராசில் கொட்டி நிறுத்துப் பார்ப்பேன், தராசையே சோதனை எடைக்கல்லால் முன்னும் பின்னும் சரிபார்ப்பேன். ஐம்பதும் முடிந்தபின் டார்ச் அடித்து ஒவ்வொரு குழியாகப் பார்ப்பேன், மட்டம் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று. பிறகுதான் குண்டு. நடுவில் போன் வந்தாலோ மகள் கூப்பிட்டாலோ, கையில் இருந்த கூட்டைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு எழுந்திருப்பேன். எங்கே விட்டோம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு தொடர்வது கிடையாது. முடிந்தால் கூட்டில் பாதிக்கு மேல் நிறைகிற பருமனான மருந்தாகப் பார்த்து வாங்குகிறேன், இரண்டாம் தடவை விழுந்தால் வழியட்டும் என்று.

வீட்டம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்காது. ஒருநாள் கராஜ் வாசலில் நின்று அரை மணி நேரம் பார்த்தாள். உள்ளே வரவில்லை, பேசவுமில்லை. முடிந்ததும், "எங்க வார்டில் இன்சுலின் ஊசியில் எடுத்தா இன்னொரு நர்ஸ் வந்து பார்த்துச் சொல்லணும். அந்த ரெண்டாவது ஆளு உங்களுக்கு யாரு?" என்றாள். டார்ச்தான் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைகளில் மட்டும்தான் நிறைக்கிறேன். குண்டு வைப்பதற்கு முன்னால் கட்டையை அவள் முன்னால் நீட்டுவேன். அவளும் டார்ச்சை வாங்கிப் பார்ப்பாள், முணுமுணுத்துக்கொண்டே. மருந்து விஷயத்தில் என்னைவிட அவளுக்கு அனுபவம் அதிகம்.

பெரியவர் இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். தூக்கத்தில் போனார், நல்ல சாவு. அவருடைய மகன் வந்து வீட்டை ஒழிக்கும்போது, அப்பாவின் சாமானை உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய தராசு, மரக்கட்டை, ஒரு நோட்டுப் புத்தகம், அரை ஜாடி மருந்து.

நோட்டு முழுக்க அவர் கையெழுத்து. நாற்பது வருஷத்து அளவுகள், தேதி போட்டு, குறி எப்படி விழுந்தது என்று ஒரு வரியோடு. அதில் ஒன்றின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் ரிவால்வருக்கு அவருடைய செல்ல அளவு. கையேட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே குண்டு, அதே மருந்து, இன்றைய உச்சத்தைவிட அவருடையது கூடுதல். அவர் காலத்துப் புத்தகத்தில் அப்படி இருந்திருக்கலாம். பழைய கையேடுகளைவிடப் புதியவற்றில் அளவு குறைந்திருப்பதைப் பல இடத்தில் பார்க்கலாம், அளக்கிற கருவி மாறிவிட்டது. அவருடைய ரிவால்வர் கனமானது, தாங்கியது. அவர் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன். அவர் எழுதியதை நம்பாமல் யார் எழுதியதை நம்புவேன் என்று ஒரு மனசு சொன்னது.

நான் அந்த அளவைப் போடவில்லை. நோட்டு அலமாரியில் இருக்கிறது, அவர் எழுத்துக்காக. ஜாடியில் பேர்ச்சீட்டு உரிந்துபோயிருந்தது. என்ன மருந்தாக இருக்கும் என்று நிறத்தையும் துகளையும் வைத்து ஊகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீல் இல்லாத ஆவணம் ஆவணமே இல்லை. நைட்ரஜன் உள்ள சரக்கு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்தரையில் தூவிக் கரைத்துவிட்டேன், இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது, இதை எழுத உட்கார்ந்த காரணம்.

போன வாரம் மச்சினன் கூப்பிட்டான். வீட்டம்மாவின் கடைசித் தம்பி, கோவில் கமிட்டியில் இருக்கிறான். ஆசான் போய்ப் பல வருஷம் ஆகிறது, அவருக்குப் பின்னால் நிறைத்தவரும் கை நடுங்குகிறது என்று விட்டுவிட்டாராம். இந்த உத்சவத்துக்குக் கதினாவை நம்ம பிள்ளைகளே நிறைக்கலாம் என்று பேச்சு. "அத்தான், நீங்க அங்க மருந்து நிறைக்கிய ஆளுல்லா. ஒரு குழாய்க்கு எவ்வளவு போடலாம், கொஞ்சம் சவுண்டு கூடணும், அதை மட்டும் சொல்லித் தாருங்க" என்றான். வீட்டம்மா பக்கத்தில்தான் இருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அவனுக்குச் சொன்னது இதுதான். எனக்குத் தெரிந்த மருந்து வேறு, அந்த மருந்து வேறு. என்னுடையதற்குக் கையேடு உண்டு. உங்கள் குழாய்க்கு யாரும் அழுத்தம் அளந்து அட்டவணை போடவில்லை. எத்தனை வருஷத்துத் துரு உள்ளே தின்றிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடையில் வாங்குகிற மருந்தில் எதைக் கலந்திருக்கிறான் என்பதும் தெரியாது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலக்கக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு தடை போட்டது. அப்படியும் 2016 ஏப்ரல் 10 விடிகாலை கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோவிலில் நடந்த விபத்தை விசாரித்தபோது குளோரேட் பேச்சு வந்தது. போட்டிக் கம்பத்துக்குக் கலெக்டர் அனுமதி மறுத்திருந்தார். சேமித்து வைத்திருந்த இடத்தில் பொறி விழுந்தது. நூறு பேருக்கு மேல் போனார்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். 2023 ஜனவரி 2-ல் சபரிமலை மாளிகைப்புறத்தில் கதினா நிறைக்கும்போதே தீப்பிடித்து மூன்று பேர் வெந்தார்கள். அவர்கள் தினமும் அதே வேலை செய்கிறவர்கள். 2024 அக்டோபர் கடைசியில் நீலேஸ்வரம் வீரர்காவில் மறுபடியும் அதே கதை, வெடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சேமிப்பு. நூற்றைம்பது பேருக்கு மேல் காயம்.

உரிமம் உள்ள ஆளை வையுங்கள், 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிப்படி எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மருந்து வைக்கிற இடத்தையும் நிறைக்கிற இடத்தையும் வெடிக்கிற இடத்தையும் ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் வையுங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லை என்றால் இந்த வருஷம் செண்டை மட்டும் கொட்டுங்கள், பகவதி கோபிக்க மாட்டாள் என்றேன். ஆசான் சொன்னதையும் சொன்னேன், ரெண்டுக்குள்ளதை ஒண்ணுல போடாதே என்று. அவனுக்கு ஆசானை ஞாபகமில்லை. அவர் போகும்போது அவன் தவழ்ந்துகொண்டிருந்திருப்பான்.

"செரி அத்தான், பிள்ளைய கேக்கணுமே" என்றான். அடுத்தாற்போல் அக்கா போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கமிட்டிக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அங்கே சாயங்காலம் என்றால் இங்கே விடிகாலை. வீடியோவில் நானும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்ரைசரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேச வேண்டும், கத்தினால் பையன்கள் போனை வைத்துவிடுவார்கள்.